இணைகளின் வழி வந்த வித்தை: இந்தோனேசிய இறகுப்பந்தின் வெற்றிகளும் அறுந்த கண்ணிகளும்

2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக் போட்டியில் இந்தோனேசியா இரண்டு தங்கப் பதக்கங்களை வென்றது. விரைவுச் சுவரேற்றத்தில் வெத்ரிக் லியோனார்டோவும், பளுதூக்குதலில் ரிஸ்கி ஜுனியான்ஷாவும் அவற்றைப் பெற்றனர். இருபத்தெட்டுக் கோடி மக்கள் வாழும் ஒரு நாட்டுக்கு இது பெரிய எண்ணிக்கை இல்லை என்றாலும், அந்நாட்டின் விளையாட்டு வரலாற்றில் இது ஒரு திருப்பம். ஏனெனில் 1992 முதல் டோக்கியோ வரை இந்தோனேசியா வென்ற எட்டு ஒலிம்பிக் தங்கங்களும் பேட்மிண்டன் என்னும் இறகுப்பந்து ஆட்டத்தில் மட்டுமே கிடைத்தவை. அந்த ஆட்டம் பாரிஸில் கொடுத்தது மகளிர் ஒற்றையரில் கிரெகோரியா மரிஸ்கா துஞ்சுங் பெற்ற ஒரே ஒரு வெண்கலம்தான். அதுவும் அவரோடு மோத வேண்டியிருந்தவர் தன் அரையிறுதியில் காயமடைந்ததைத் தொடர்ந்து, வெண்கலத்துக்கான ஆட்டம் ஆடப்படாமலே கைக்கு வந்தது.

இந்தச் சரிவை வீரர்களின் திறமைக் குறைவு என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அறுபத்தைந்து ஆண்டுக்கால முடிவுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால், ஒற்றையர் ஆட்டம் ஒரு விதமாகவும் இரட்டையர் ஆட்டம் வேறு விதமாகவும் நடந்துவந்திருப்பது தெரிகிறது. எந்த ஆட்டத்தின் நுணுக்கம் மூத்தவரிடமிருந்து இளையவருக்குத் தடையின்றிக் கைமாறியதோ அங்கே இந்தோனேசியா நிலைத்தது. எங்கே அந்தத் தொடர்ச்சி அறுந்ததோ அங்கே தனி மனிதர்களின் மேதைமையை நம்பிக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தொடக்கம் 1958. சுமத்ராவிலும் சுலாவெசியிலும் மத்திய அரசுக்கு எதிரான கிளர்ச்சிகள் நடந்துகொண்டிருந்த அந்த ஆண்டில், ஆடவர் அணிகளுக்கான தாமஸ் கோப்பைப் போட்டியில் முதன்முறையாகக் கலந்துகொண்ட இந்தோனேசியா, சிங்கப்பூரில் நடந்த இறுதிச் சுற்றில் மலாயாவை 6–3 என்று வீழ்த்தியது. மலாயா அதற்கு முன் நடந்த மூன்று தாமஸ் கோப்பைகளையும் வென்றிருந்த அணி. ஃபெர்ரி சோனெவில், தான் ஜோ ஹோக் ஆகியோர் அடங்கிய அந்தக் குழு தாயகம் திரும்பியபோது கிடைத்த வரவேற்பை அதிபர் சுகர்ணோவின் அரசு கவனிக்கத் தவறவில்லை. விடுதலை பெற்றுச் சில ஆண்டுகளே ஆன, பல மொழிகளும் பல தீவுகளும் கொண்ட நாடு ஒன்று உலகில் முதலிடம் என்று சொல்லிக்கொள்ள ஒரு துறை கிடைத்திருந்தது. அடுத்த தாமஸ் கோப்பையை ஜகார்த்தாவில் நடத்துவதற்காகவே செனாயான் பகுதியில் இஸ்தோரா அரங்கம் எழுப்பப்பட்டு 1961இல் திறக்கப்பட்டது. அங்கேயே இந்தோனேசியா கோப்பையைத் தக்கவைத்தது. இடையில், 1959இல், தான் ஜோ ஹோக் ஆல் இங்கிலாந்து பட்டத்தை வென்ற முதல் இந்தோனேசியர் ஆகியிருந்தார். உலகச் சாம்பியன் போட்டி இல்லாத அந்தக் காலத்தில் ஆல் இங்கிலாந்துதான் அந்த இடத்தில் இருந்தது.

இஸ்தோராவின் ஆர்வம் எப்போதும் நன்மையில் முடிந்துவிடவில்லை. 1967 இறுதிச் சுற்றில் மலேசியா 4–3 என்று முன்னிலையில் இருந்தபோது, பார்வையாளர்களின் கூச்சலும் மலேசிய வீரர்களின் கண்ணில் படும்படி அடித்த வெளிச்சங்களும் அளவு மீறிப்போக, நடுவர் ஹெர்பர்ட் ஷீல் ஆட்டத்தை நிறுத்தினார். மீதி ஆட்டங்களை நியூசிலாந்தில் நடத்தலாம் என்ற சர்வதேசக் கூட்டமைப்பின் முடிவை இந்தோனேசியா ஏற்கவில்லை. கோப்பை மலேசியாவுக்குப் போனது. ஒரு நாடு தன் ஆட்டத்தை எவ்வளவு கடுமையாக நேசித்தது என்பதற்கு இதைவிடச் சங்கடமான சான்று இருக்க முடியாது.

அதே ஆண்டில் பதின்பருவ இளைஞராக அணிக்குள் வந்த சுரபாயாக்காரர் ரூடி ஹர்தோனோ, 1968 முதல் 1974 வரை தொடர்ச்சியாக ஏழு முறை ஆல் இங்கிலாந்து ஒற்றையர் பட்டத்தை வென்றார். 1975இல் டென்மார்க்கின் ஸ்வென்ட் பிரியிடம் இறுதியாட்டத்தில் தோற்று, 1976இல் மீண்டும் வென்று எட்டாக்கினார். ஆடவர் ஒற்றையரில் அந்த எட்டை இன்றுவரை யாரும் எட்டவில்லை. அவருக்குப் பின் வந்த லியெம் ஸ்வீ கிங், காற்றில் எழும்பி அடிக்கும் ஸ்மாஷைத் தன் முத்திரையாக்கி 1978, 1979, 1981 ஆகிய ஆண்டுகளில் அதே பட்டத்தைப் பெற்றார். தாமஸ் கோப்பையில் 1976இல் மலேசியாவையும் 1979இல் டென்மார்க்கையும் இறுதியில் 9–0 என்று வென்ற காலம் அது. ஒன்பது ஆட்டங்களில் ஒன்றைக்கூட விட்டுக்கொடுக்காத வெற்றி.

ஆனால் இந்த ஆதிக்கத்தை மதிப்பிடும்போது, சர்வதேசக் கூட்டமைப்பில் சீனா அப்போது இல்லை என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1981இல் சீனா உள்ளே வந்தது. 1982இல் லண்டனில் நடந்த முதல் சந்திப்பிலேயே 5–4 என்று தாமஸ் கோப்பையைப் பறித்துக்கொண்டது. இதில் ஒரு முரண் உண்டு. சீன ஆட்டத்தை உருவாக்கிய முதல் தலைமுறையினரில் முக்கியமானவர்கள் பலர் இந்தோனேசியாவில் பிறந்தவர்கள். தோங் சின் ஃபு சுமத்ராவின் லம்புங் பகுதியைச் சேர்ந்தவர். ஹோ சியா சாங் செமாராங்கில் பிறந்தவர். சீன வம்சாவளியினர் மீதான கட்டுப்பாடுகள் இறுகத் தொடங்கிய 1960ஐ ஒட்டிய ஆண்டுகளில் இவர்கள் சீனாவுக்குக் கப்பலேறினார்கள். எனவே 1982இல் லண்டனில் மோதியவை இரண்டு முற்றிலும் வேறான மரபுகள் என்று சொல்வது கடினம்.

வீரர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்கு மத்திய ஜாவாவின் குடுஸ் நகரம் நல்ல எடுத்துக்காட்டு. கிராம்பு கலந்த சிகரெட்டுக்குப் பெயர்போன அந்த ஊரில், ஜாரும் நிறுவனத்தின் தொழிலாளர்கள் பகலில் சிகரெட் சுருட்டும் கூடத்தையே மாலையில் ஒதுக்கிவைத்துவிட்டு இறகுப்பந்து ஆடினார்கள். 1969இல் இப்படித் தொடங்கிய பழக்கம் சில ஆண்டுகளில் முறையான சங்கமானது. குடுஸ் நகரத்துப் பையனான லியெம் ஸ்வீ கிங் அதன் முதல் பெரிய கண்டுபிடிப்பு. ஜகார்த்தாவில் ஜாயா ராயா, தங்காஸ், சுரபாயாவில் சூர்யநாகா, பண்டுங்கில் முத்தியாரா என்று இதுபோன்ற சங்கங்கள் நாடெங்கும் எழுந்தன. பத்து, பன்னிரண்டு வயதில் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து சங்க விடுதியில் தங்கி ஆடுவார்கள். அங்கே தேறியவர்களை தேசியச் சங்கமான பிபிஎஸ்ஐ, கிழக்கு ஜகார்த்தாவின் சிபாயுங்கில் உள்ள பயிற்சி முகாமுக்கு அழைத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் புதியவர்கள் சேர்வதும் முடிவு காட்டாதவர்கள் சங்கத்துக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் அங்கே வழக்கம். புகையிலைப் பணத்தில் குழந்தைகள் ஆடுவதா என்ற கேள்வி 2019இல் பகிரங்கமாக வெடித்தது. குழந்தைகள் பாதுகாப்பு ஆணையம் ஆட்சேபித்ததும், திறன் தேர்வு முகாம்களை நிறுத்திவிடப்போவதாக ஜாரும் அறிவித்தது. பிறகு நிறுவனத்தின் சின்னத்தைப் பிள்ளைகளின் சட்டையில் பயன்படுத்துவதில்லை என்ற உடன்பாட்டில் விவகாரம் அடங்கியது. ஆணையத்தின் கேள்வி நியாயமானது என்றே எனக்குப் படுகிறது. ஆனால் அந்தப் பணத்துக்கு மாற்று எது என்ற கேள்விக்கு அரசிடம் அன்று ஆயத்தமான பதில் இல்லை என்பதும் உண்மை.

இந்த அமைப்பின் உச்சம் 1992 பார்சிலோனா. இறகுப்பந்து முதன்முதலாக ஒலிம்பிக் பதக்க ஆட்டமானது அப்போதுதான். ஆகஸ்ட் 4 அன்று, தாசிக்மலாயாவைச் சேர்ந்த 21 வயதான சுசி சுசாந்தி, தென் கொரியாவின் பாங் சூ ஹியுனிடம் முதல் கேமை 5–11 என்று இழந்து, அடுத்த இரண்டையும் 11–5, 11–3 என்று எடுத்து, இந்தோனேசியாவின் முதல் ஒலிம்பிக் தங்கத்தை வென்றார். அதே நாளில் ஆலன் புடிகுசுமா, சக நாட்டவரான ஆர்டி விரானதாவை வென்று இரண்டாவது தங்கத்தைச் சேர்த்தார். ஆடவர் ஒற்றையர் அரையிறுதிக்கு வந்த நால்வரில் மூவர் இந்தோனேசியர்கள். மொத்தம் இரண்டு தங்கம், இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம். சுசியும் ஆலனும் பின்னர் 1997இல் மணந்துகொண்டார்கள்.

அந்த ஒற்றையர் படைக்குப் பின்னால் நின்ற பயிற்சியாளர், முன்பு சீனாவுக்குப் போன அதே தோங் சின் ஃபு. 1980களில் பிறந்த நாட்டுக்குத் திரும்பி வந்து, ஆலன் உள்ளிட்ட ஒரு தலைமுறையையே தயார் செய்தார். அவர் கேட்டது இந்தோனேசியக் குடியுரிமை, அது கிடைக்கவில்லை. சீன வம்சாவளியினர், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களாக இருந்தாலும், குடியுரிமைச் சான்றிதழ் ஒன்றைத் தனியாகக் காட்டியாக வேண்டும் என்ற நடைமுறை சுகார்த்தோ ஆட்சியில் நிலவியது. அது தேவையில்லை என்று 1996இல் அதிபர் ஆணை வந்த பிறகும் அலுவலகங்கள் கேட்பதை நிறுத்தவில்லை. கழுத்தில் தங்கப் பதக்கத்தோடு தேசிய கீதத்துக்குக் கண்ணீர் விட்ட சுசியும் இந்தச் சான்றிதழுக்காக அலைந்தவர்தான். சிட்னியில் வெள்ளியும் 2001இல் உலகப் பட்டமும் வென்ற ஹெந்திரவானின் குடியுரிமைச் சிக்கல், 2002இல் அதிபர் மேகவதி தலையிட்ட பிறகே தீர்ந்தது. அந்த ஆண்டு தாமஸ் கோப்பை இறுதியில், மலேசியாவுடன் 2–2 என்று இருந்த நிலையில், தீர்மானிக்கும் ஆட்டத்தில் இறங்கி வென்றவர் அவரே.

1998 மே மாதத்தில் ஜகார்த்தாவில் சீனர்களின் கடைகளும் வீடுகளும் கொளுத்தப்பட்டபோது, தாமஸ் கோப்பை அணியும் மகளிருக்கான ஊபர் கோப்பை அணியும் போட்டிக்காக ஹாங்காங்கில் இருந்தன. வீட்டில் என்ன நடக்கிறது என்ற கவலையோடு ஆடிய ஆடவர் அணி, சுகார்த்தோ பதவி விலகிய சில நாட்களில், மலேசியாவை 3–2 என்று வென்று கோப்பையைத் தக்கவைத்தது. அதே ஆண்டில் தோங் சின் ஃபு சீனாவுக்கே திரும்பினார். அங்கே அவரிடம் பயின்றவர்களில் ஒருவர் லின் டான். பெய்ஜிங்கிலும் லண்டனிலும் அடுத்தடுத்து ஒலிம்பிக் தங்கம் வென்ற லின் டானின் எழுச்சிக்கு ஒரே மனிதரைக் காரணமாக்குவது மிகையாகும். ஆயினும், ஒரு சான்றிதழை மறுத்ததன் விலை என்ன என்று கணக்கிட விரும்புபவர்கள் இங்கிருந்து தொடங்கலாம்.

மகளிர் ஒற்றையரில் இழப்பு வேறு வழியில் வந்தது. 1994 ஊபர் கோப்பை இறுதியில், இஸ்தோரா நிரம்பி வழிய, சீனாவுடன் 2–2 என்ற நிலையில் கடைசி ஆட்டத்துக்கு அனுப்பப்பட்ட மியா ஆடினாவுக்கு வயது 14. அவர் வீழ்த்தியது சாங் நிங் என்ற சீன வீராங்கனையை. பத்தாண்டுகள் கழித்து ஏதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் அதே இருவரும் மீண்டும் மோதினார்கள். இம்முறை சாங் நிங் வென்றார். வெள்ளி பெற்ற மியாவின் சட்டையில் இருந்தது நெதர்லாந்தின் பெயர், ஏனெனில் திருமணத்துக்குப் பின் அவர் அந்நாட்டுக் குடிமகளாகியிருந்தார். சுசிக்குப் பிறகு எந்த இந்தோனேசிய வீராங்கனையும் ஒற்றையரில் ஒலிம்பிக் தங்கமோ உலகப் பட்டமோ வென்றதில்லை.

ஆடவர் ஒற்றையரில் தௌஃபிக் ஹிதாயத் ஒரு விதிவிலக்கு. பண்டுங்கில் உருவான அவர் 2004இல் ஏதென்ஸ் தங்கத்தையும், 2005இல் லின் டானை இறுதியில் 15–3, 15–7 என்று வென்று உலகப் பட்டத்தையும் பெற்றார். அவருடைய பின்கைத் தாக்குதலைக் கற்பிக்க முடியும் என்று யாரும் கூறியதில்லை. அது அவரோடு வந்து அவரோடு போனது. ஆல் இங்கிலாந்தில் 1994இல் ஹெர்யாந்தோ அர்பி வென்ற பிறகு, 2024இல் ஜொனாத்தன் கிறிஸ்டி வெல்லும் வரை, முப்பது ஆண்டுகள் எந்த இந்தோனேசியரும் ஆடவர் ஒற்றையர் பட்டத்தைத் தொடவில்லை.

இப்போது இரட்டையரைப் பாருங்கள். 1996 அட்லாண்டா தொடங்கி வந்த ஆறு ஒலிம்பிக் தங்கங்களில் ஐந்து இரட்டையர் பிரிவுகளில் வந்தவை. தௌஃபிக்கின் 2005 வெற்றிக்குப் பிறகு கிடைத்த ஏழு உலகப் பட்டங்களும் அப்படியே. இதன் வேர் 1970களில் இருக்கிறது. கிறிஸ்தியான் ஹதினாதாவும் ஆதே சந்திராவும் 1972, 1973இல் ஆல் இங்கிலாந்து வென்றார்கள். அவர்களைத் தொடர்ந்து ஜுன் ஜுன், ஜோஹன் வாஹ்யுடி இணை ஆறு முறை அதே பட்டத்தைப் பெற்றது. 1980இல் ஜகார்த்தாவில் நடந்த உலகப் போட்டியில் ஆடவர் இரட்டையர், கலப்பு இரட்டையர் இரண்டிலும் சாம்பியனான கிறிஸ்தியான், ஓய்வுக்குப் பின் தேசிய முகாமில் பயிற்சியாளராகி அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு அந்த ஆட்டத்தைக் கற்பித்தார்.

ஒற்றையர் வீரர் தனியாக வளர்ந்துவிடலாம். இரட்டையர் ஆட்டத்துக்கு அது இயலாது. சர்வீஸ், அதற்கான பதில், மூன்றாவது அடி ஆகிய முதல் மூன்று அடிகளுக்குள் யார் வலையருகே போவது, யார் பின்னால் நிற்பது என்பது முடிவாகிவிட வேண்டும். தோளுயரத்தில் தட்டையாகப் பறக்கும் இறகுப்பந்தைத் திருப்பும் வேகத்துக்குச் சிந்திக்க நேரம் கிடையாது. பழக்கம் மட்டுமே கைகொடுக்கும். சிபாயுங் முகாமின் பலம் இங்கேதான். ஒரே கூரையின் கீழ் பல இணைகள் நாள்தோறும் ஒன்றோடொன்று மோதிக்கொள்வதோடு, இணைகளைக் கலைத்து அடுக்கி, அனுபவமுள்ளவருக்குப் பக்கத்தில் இளையவரை நிறுத்தும் வழக்கமும் அங்கே வேரூன்றியது. தோனி குணவான் 2000 சிட்னியில் சந்திரா விஜயாவோடு தங்கம் வென்றார். அடுத்த ஆண்டே ஹலிம் ஹர்யாந்தோவோடு உலகச் சாம்பியன் ஆனார். பின்னர் அமெரிக்காவுக்குப் போய் 2005இல் ஹோவர்ட் பாக்கோடு மீண்டும் உலகப் பட்டம் வென்றார். ஹெந்திரா செத்தியவான் 2008 பெய்ஜிங்கில் மார்கிஸ் கிடோவோடு தங்கம் பெற்று, முகமது அஹ்சானோடு 2013, 2015, 2019 என மூன்று உலகப் பட்டங்களைச் சேர்த்தார். கடைசிப் பட்டத்தின்போது அவருக்கு வயது 35.

கலப்பு இரட்டையரில் இந்த மரபு இன்னும் துலக்கமாகத் தெரிகிறது. மனாடோவிலிருந்து சிறுமியாக ஜகார்த்தா வந்த லிலியானா நத்சிரைத் தன்னைவிட எட்டு வயது மூத்த நோவா விதியாந்தோவோடு சேர்த்தவர் பயிற்சியாளர் ரிச்சர்ட் மைனாக்கி. கிராம்புத் தீவான தெர்னாத்தேயிலிருந்து வந்து, ஆட்டத்திலும் பயிற்சியிலும் பெயர் பெற்ற சகோதரர்களில் ஒருவர். அட்லாண்டா தங்கம் வென்ற ரெக்ஸி அவருடைய தம்பி. நோவாவோடு 2005, 2007 உலகப் பட்டங்களையும் பெய்ஜிங் வெள்ளியையும் வென்ற லிலியானா, அடுத்து தொந்தோவி அஹ்மதோடு இணைக்கப்பட்டபோது தானே மூத்தவரானார். வலையருகே நின்று ஆட்டத்தை நடத்துபவர் அவர். பின்னாலிருந்து அடிப்பவர் தொந்தோவி. தொந்தோவி ஒரு தவறு செய்தால் லிலியானாவின் பார்வை எப்படி இருக்கும் என்பது ரசிகர்களிடையே வேடிக்கையாகப் பேசப்பட்ட ஒன்று. 2016 ஆகஸ்ட் 17, இந்தோனேசிய சுதந்திர தினத்தன்று, ஒரு கேமைக்கூட இழக்காமல் இருவரும் ரியோவில் தங்கம் வென்றார்கள்.

கிரேசியா போலியின் கதை இந்த மரபின் மிக நீண்ட பாதை. 2012 லண்டனில், அடுத்த சுற்றில் வசதியான எதிரணி அமைய வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே தோற்க முயன்றதாக நான்கு மகளிர் இணைகள் வெளியேற்றப்பட்டன. அவற்றில் ஒன்று கிரேசியாவும் மெலியானா ஜௌஹரியும். பிறகு நித்யா மகேஸ்வரியோடு 2014 ஆசிய விளையாட்டுத் தங்கம்; பிறகு நித்யாவின் காயம். ஓய்வை எண்ணிக்கொண்டிருந்த கிரேசியாவுடன் 2017இல் இணைக்கப்பட்டவர், அவரைவிடப் பதினோரு வயது இளையவரான, தென்கிழக்குச் சுலாவெசியின் கிராமத்துப் பெண் அப்ரியானி ரஹாயு. டோக்கியோ இறுதியின் இரண்டாவது கேமில் ஒரு காட்சி: ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே கிரேசியாவின் மட்டை நரம்பு அறுந்துவிட, அவர் களத்தின் ஓரத்துக்கு ஓடி வேறு மட்டையை எடுத்து வருகிறார், அந்தச் சில நொடிகளில் முழுக் களத்தையும் அப்ரியானி தனியாகக் காக்கிறார், கிரேசியா திரும்பி வந்ததும் அந்தப் புள்ளியை இருவரும் வெல்கிறார்கள். தரவரிசைச் சலுகை இல்லாமல் வந்த இணை, சீனாவின் சென் சிங்சென், ஜியா யிஃபான் இணையை 21–19, 21–15 என்று வென்றது. இதன்மூலம் சீனாவுக்கு அடுத்து, ஐந்து பிரிவுகளிலும் ஒலிம்பிக் தங்கம் பெற்ற இரண்டாவது நாடானது இந்தோனேசியா. அப்ரியானிக்கு அவருடைய மாவட்ட நிர்வாகம் அறிவித்த பரிசில் ஒரு வீடும் ஐந்து மாடுகளும் இருந்தன.

அதே 2021ஆம் ஆண்டு அக்டோபரில், டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் சீனாவை 3–0 என்று வென்று, பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் தாமஸ் கோப்பை பதினான்காவது முறையாக இந்தோனேசியாவுக்கு வந்தது. ஊக்கமருந்துத் தடுப்பு நடைமுறைகளை உள்நாட்டு அமைப்பு சரிவரக் கடைப்பிடிக்காததால் விதிக்கப்பட்டிருந்த தடையின் காரணமாக, பரிசளிப்பில் தேசியக் கொடிக்குப் பதில் பிபிஎஸ்ஐ சங்கத்தின் கொடி ஏறியது. அடுத்த ஆண்டு பாங்காக்கில் கோப்பையைப் பறித்தது இந்தியா. லக்ஷ்யா சென், சாத்விக்–சிராக் இணை, ஸ்ரீகாந்த் ஆகியோர் வரிசையாக வென்று 3–0 என்று முடித்தார்கள். 2017இல் ஸ்ரீகாந்த் நான்கு சூப்பர் சீரிஸ் பட்டங்களைக் குவித்தபோது இந்திய அணியின் பயிற்சியாளராக இருந்தவர் முல்யோ ஹந்தோயோ. ஏதென்ஸில் தௌஃபிக்கை வழிநடத்திய அதே முல்யோ.

இந்த வெளியேற்றம்தான் இன்றைய நிலையை விளக்குகிறது. ஹெந்திரவான் மலேசியாவுக்குப் போய் அந்நாட்டு ஒற்றையர் நட்சத்திரம் லீ சோங் வெய்யின் பயிற்சியாளர்களில் ஒருவரானார். ரெக்ஸி மைனாக்கி இங்கிலாந்து, மலேசியா, தாய்லாந்து எனப் பல அணிகளுக்குப் பணியாற்றினார். ஆடவர் இரட்டையரின் பெரிய ஆசான் ஹெர்ரி இமான் பியெர்ங்காடி 2025 தொடக்கத்தில் மலேசியாவில் பொறுப்பேற்றார். அதே மாதங்களில் ஹெந்திராவும் அஹ்சானும் இஸ்தோராவில் விடைபெற்றனர். நீண்ட காலம் உலகின் முதலிடத்தில் இருந்தும் உலகப் பட்டமோ ஒலிம்பிக் பதக்கமோ எட்டாத கெவின் சஞ்சயா, மார்கஸ் கிதியோன் இணை அதற்கு முந்தைய ஆண்டே விலகியிருந்தது. சம்பளம் ஒரு காரணம். சங்க நிர்வாகம் மாறும்போதெல்லாம் பயிற்சியாளர்கள் மாற்றப்படுவது மற்றொரு காரணம். ஒருவரிடமிருந்து ஒருவருக்குக் கைமாறிய வித்தை, அடுத்த கை உள்நாட்டில் இல்லாதபோது வெளிநாட்டுக் கைக்குப் போகிறது.

2019க்குப் பின் இந்தோனேசியாவுக்கு எந்தப் பிரிவிலும் உலகப் பட்டம் கிடைக்கவில்லை. 2025 ஆகஸ்டில் பாரிஸில் நடந்த உலகப் போட்டியின் கலப்பு இரட்டையரில் சென் தாங் ஜீ, தோ ஈ வெய் இணை வென்று, அந்தப் பிரிவில் மலேசியாவுக்கு முதல் உலகப் பட்டத்தைப் பெற்றுத்தந்தது. அவர்களுடைய பயிற்சியாளர் நோவா விதியாந்தோ.